கப்பல் எரிபொருள் மாறுகிறது: தமிழகத் துறைமுகங்களின் முன்னேற்பாடு

சரக்குக் கப்பல்களில் பெரும்பாலானவை இன்றும் உலை எண்ணெயில்தான் ஓடுகின்றன. கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் ஆகியவற்றைப் பிரித்தெடுத்த பிறகு அடியில் தங்கும் கனமான கசடுதான் இதன் மூலப்பொருள். சாதாரண வெப்பநிலையில் இது கெட்டியாக இருக்கும். எஞ்சினுக்குள் பீய்ச்ச வேண்டுமானால் 100 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்க வேண்டும். விலை மலிவு, சிறிய தொட்டியில் நிறைய ஆற்றல், எந்தத் துறைமுகத்திலும் கிடைக்கும் வசதி ஆகிய மூன்றும் சேர்ந்து இதை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகக் கடலில் அசைக்க முடியாத இடத்தில் வைத்திருக்கின்றன.

அந்த இடம் இப்போது ஆட்டம் காண்கிறது. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் நான்காவது பசுமைக்குடில் வாயு ஆய்வின்படி, 2018-ல் கப்பல் போக்குவரத்து வெளியிட்ட வாயுக்களின் அளவு கரியமில வாயுக் கணக்கில் 107.6 கோடி டன். மனிதச் செயல்களால் உண்டாகும் மொத்த வெளியீட்டில் இது 2.89 சதவீதம். புதிய எரிபொருள்கள் எவை, அவற்றுக்காகத் துறைமுகங்கள் எப்படித் தயாராகின்றன, தமிழ்நாட்டில் அதற்கான திட்டமிடல் எந்த நிலையில் இருக்கிறது என்பவற்றை முறையாகப் பார்க்க வேண்டிய நேரம் இது.

விதிகள் தரும் நெருக்கடி

முதல் பெரிய மாற்றம் கந்தகத்தில் வந்தது. கப்பல் எரிபொருளில் இருக்கக்கூடிய கந்தகத்தின் உச்ச வரம்பு 2020 ஜனவரி 1 முதல் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. எண்ணெயின் தரத்தை உயர்த்தியும், புகைபோக்கியில் வாயுவைக் கழுவும் கருவியைப் பொருத்தியும் கப்பல் நிறுவனங்கள் இதைச் சமாளித்தன. எரிபொருளையே மாற்ற வேண்டிய கட்டாயம் அப்போது எழவில்லை.

அடுத்த மாற்றம் கார்பனைப் பற்றியது. அதை இப்படிச் சமாளிக்க இயலாது. 2023 ஜூலையில் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு ஏற்றுக்கொண்ட திட்டத்தின்படி, பன்னாட்டுக் கப்பல் போக்குவரத்தின் வாயு வெளியீடு 2008-ஆம் ஆண்டு அளவோடு ஒப்பிட 2030-க்குள் குறைந்தது 20 சதவீதமும், 2040-க்குள் குறைந்தது 70 சதவீதமும் குறைய வேண்டும். 2050-ஐ ஒட்டி நிகர வெளியீடு சுழியமாக வேண்டும். 2030-ல் கப்பல்கள் பயன்படுத்தும் ஆற்றலில் குறைந்தது 5 சதவீதமாவது கார்பன் வெளியிடாத அல்லது மிகக் குறைவாக வெளியிடும் மூலங்களிலிருந்து வர வேண்டும். இவற்றைக் கட்டாயமாக்கும் கட்டண முறைக்கு 2025 ஏப்ரலில் கொள்கை ஒப்புதல் கிடைத்தது. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் இறுதி முடிவு ஓராண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

ஐரோப்பா காத்திருக்கவில்லை. ஐரோப்பியத் துறைமுகங்களுக்கு வரும் பெரிய கப்பல்கள் தாம் வெளியிடும் கார்பனுக்கு 2024 முதல் விலை கொடுக்கின்றன. வெளியிலிருந்து வரும் பயணம் என்றால் வெளியீட்டில் பாதி கணக்கில் சேரும். எரிபொருளின் கார்பன் செறிவுக்கு 2025 முதல் தனி வரம்பும் உண்டு. 2025-ல் 2 சதவீதம், 2030-ல் 6 சதவீதம் என்று தொடங்கும் குறைப்பு 2050-ல் 80 சதவீதத்தை எட்ட வேண்டும். சென்னையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ ஐரோப்பாவுக்குச் செல்லும் சரக்கின் மேல் இந்தச் செலவு ஏற்கெனவே விழத் தொடங்கிவிட்டது.

போட்டியில் உள்ள எரிபொருள்கள்

முதல் மாற்று திரவ இயற்கை எரிவாயு. மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்துத் தொட்டியில் அடைக்கப்படும் மீத்தேன் இது. கந்தகம் இல்லை, கரியமில வாயு வெளியீடும் எண்ணெயைவிடக் குறைவு. ஆனால் எஞ்சினில் எரியாமல் நழுவும் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கக் கூடியது. எனவே இது இடைக்கால ஏற்பாடாகவே கருதப்படுகிறது.

இரண்டாவது மெத்தனால். சாதாரண வெப்பநிலையில் நீர்போல் திரவமாக இருப்பதும், ஏற்கெனவே உலகெங்கும் டேங்கர்களில் கையாளப்படுவதும் இதன் பலம். ஸ்வீடனின் ஸ்டெனா ஜெர்மானிக்கா என்ற பயணிகள் கப்பல் 2015-லேயே மெத்தனாலுக்கு மாற்றப்பட்டது. மெத்தனாலில் ஓடும் உலகின் முதல் பெட்டகக் கப்பலான லாரா மெர்ஸ்க் 2023-ல் கொரியாவின் உல்சானிலிருந்து கோபன்ஹேகனுக்கு முதல் பயணத்தை முடித்தது. மெத்தனாலில் கார்பன் அணு உண்டு. எரியும்போது கரியமில வாயு வெளிவரும். காற்றிலிருந்தோ தாவரக் கழிவிலிருந்தோ எடுத்த கார்பனைக் கொண்டு தயாரித்தால் மட்டுமே கணக்கு நேராகும்.

மூன்றாவது அமோனியா. ஒரு நைட்ரஜன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தது. கார்பன் துளியும் இல்லை. மைனஸ் 33 டிகிரியில் திரவமாகிவிடும். உரத் தொழிலுக்காக உலகில் ஆண்டுக்குச் சுமார் 18 கோடி டன் தயாராகிறது; நூற்றுக்கும் மேற்பட்ட துறைமுகங்கள் அதைக் கையாண்டு பழகியவை. மூச்சுக்குக் கடும் நஞ்சு என்பதும், சரியாக எரிக்காவிட்டால் நைட்ரஸ் ஆக்சைடு உண்டாகலாம் என்பதும் இதன் குறைகள். நைட்ரஸ் ஆக்சைடு கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு வீரியமுள்ள பசுமைக்குடில் வாயு.

நான்காவது ஹைட்ரஜன். எடைக்கு எடை பார்த்தால் எல்லாவற்றையும்விட ஆற்றல் மிக்கது. ஆனால் திரவமாக்க மைனஸ் 253 டிகிரி வேண்டும். திரவமான பின்பும் உலை எண்ணெயின் ஆற்றலைப் பெற நான்கு மடங்குக்கு மேல் இடம் வேண்டும். மெத்தனாலுக்குச் சுமார் இரண்டரை மடங்கும், அமோனியாவுக்குச் சுமார் மூன்று மடங்கும் இடம் போதும். எனவே ஹைட்ரஜன் நேரடியாக ஆற்றுப் படகுகளுக்கும் குறுந்தூரக் கலங்களுக்கும் பொருந்துகிறது. நீண்ட கடல் பயணத்துக்கு அதை மெத்தனாலாகவோ அமோனியாவாகவோ மாற்றி எடுத்துச் செல்வதே நடைமுறை. பசுமை எரிபொருள் எதுவானாலும் அதன் தொடக்கம் பெரும்பாலும் சூரிய மின்சாரமோ காற்றாலை மின்சாரமோ கொண்டு நீரைப் பிளந்து எடுத்த ஹைட்ரஜன்தான்.

துறைமுகம் ஏன் முந்திக்கொள்ள வேண்டும்

ஒரு கப்பலின் ஆயுள் 20 முதல் 25 ஆண்டுகள். இன்று கட்டப்படும் கப்பல் 2050 வரை ஓடும். போகும் வழியில் எரிபொருள் கிடைக்கும் என்ற உறுதி இல்லாமல் முதலாளி புதிய எஞ்சினுக்குப் பணம் போடமாட்டார். வாங்க ஆள் வருவார்கள் என்ற உறுதி இல்லாமல் துறைமுகம் தொட்டி கட்டாது. இரண்டும் இல்லாமல் ஆலைக்கு வங்கி கடன் தராது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கும் இந்த முடிச்சைச் சந்தை தானாக அவிழ்ப்பது கடினம். அரசின் திட்டமிடல் தேவைப்படும் இடம் இதுதான்.

வரலாற்றில் இது முதல்முறை அல்ல. பாய்மரத்திலிருந்து நீராவிக்கு மாறியபோது ஏடன், கொழும்பு, சிங்கப்பூர் என்று கடல்வழி நெடுகிலும் நிலக்கரி நிலையங்கள் முளைத்தன. வ.உ.சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் நிறுவனம் 1906-ல் தொடங்கப்பட்டபோது தூத்துக்குடி - கொழும்பு வழியில் நீராவிக் கப்பல்களே ஓடின. நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற முடிவெடுத்த பிரிட்டிஷ் அரசு, தன் கடற்படைக்கு எண்ணெய் தடையின்றிக் கிடைக்க 1914-ல் ஆங்கிலோ - பாரசீக எண்ணெய் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கையே வாங்கியது. அந்த மாற்றங்களை முன்கூட்டியே கணித்த துறைமுகங்கள் வளர்ந்தன. சிங்கப்பூர் இன்று உலகின் மிகப்பெரிய கப்பல் எரிபொருள் நிலையம்; 2024-ல் மட்டும் அங்கே ஏறத்தாழ 5.5 கோடி டன் எரிபொருள் விற்பனையானது. மலாக்கா நீரிணை வழியாகச் செல்லும் கப்பல்கள் இலங்கையின் தென்முனையைத் தொட்டுக்கொண்டுதான் போகின்றன. அந்தப் பாதைக்கு அருகில் இருந்தும் எண்ணெய் யுகத்தில் தமிழகக் கடற்கரை எரிபொருள் நிலையமாக வளரவில்லை. எரிபொருள் மாறும் காலம் அந்த வாய்ப்பை மீண்டும் திறக்கிறது.

இந்திய அரசின் இலக்குகள்

தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 ஜனவரி 4-ல் ஒப்புதல் அளித்தது. ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் தயாரிக்கும் திறனை உருவாக்குவது இலக்கு. ஒதுக்கீட்டில் 17,490 கோடி ரூபாய், மின்னாற்பகுப்புக் கருவிகளை உள்நாட்டில் தயாரிக்கவும் ஹைட்ரஜன் உற்பத்திக்கும் ஊக்கத்தொகையாகச் செல்கிறது. உற்பத்தியாளருக்கு ஒரு கிலோவுக்கு முதல் ஆண்டு அதிகபட்சம் 50 ரூபாய், அடுத்து 40, பிறகு 30 என்று ஆண்டுக்கு ஆண்டு அது குறைகிறது. கப்பல் துறையில் சோதனைத் திட்டங்களுக்கென்று 115 கோடி ரூபாய் தனியாக உண்டு. இந்தியக் கப்பல் கழகத்தின் குறைந்தது இரண்டு கப்பல்களைப் புதிய எரிபொருளுக்கு மாற்றுவதும், 2035-க்குள் எல்லாப் பெருந்துறைமுகங்களிலும் பசுமை அமோனியா நிரப்பும் வசதியை ஏற்படுத்துவதும் இயக்கத்தின் குறிக்கோள்கள்.

துறைமுகங்களுக்கான 'ஹரித் சாகர்' வழிகாட்டு நெறிகள் 2023 மே மாதம் வெளியாயின. கையாளும் சரக்கு ஒவ்வொரு டன்னுக்கும் துறைமுகம் வெளியிடும் கார்பனை 2030-க்குள் 30 சதவீதமும் 2047-க்குள் 70 சதவீதமும் குறைக்க அவை சொல்கின்றன. கப்பல்களைத் தளத்துக்கு இழுத்துவரும் இழுவைப் படகுகளை மின்சாரத்துக்கும் பிற தூய எரிபொருளுக்கும் மாற்றும் திட்டம் 2024-ல் தொடங்கியது. ஜவாஹர்லால் நேரு, தீனதயாள் (காண்ட்லா), பாரதீப், வ.உ.சிதம்பரனார் (தூத்துக்குடி) ஆகிய நான்கு துறைமுகங்கள் முதல் கட்டத்தில் உள்ளன. இவற்றில் தீனதயாள், பாரதீப், வ.உ.சிதம்பரனார் ஆகிய மூன்றும் பசுமை ஹைட்ரஜன் மையங்களாக 2025 அக்டோபரில் அங்கீகரிக்கப்பட்டன. அதற்கு முன்பே, 2025 மார்ச்சில், சிங்கப்பூருடன் பசுமை - டிஜிட்டல் கப்பல் வழித்தடத்துக்கான விருப்பக் கடிதத்தில் இந்தியா கையெழுத்திட்டிருந்தது.

தூத்துக்குடியின் முதல் அடிகள்

1974-ல் பெருந்துறைமுகமான தூத்துக்குடி, ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கு மேல் சரக்கைக் கையாள்கிறது. தென்மேற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தல் காற்றாலைகள். சுற்றிலும் ஆண்டின் பெரும்பகுதி வெயில் காயும் உப்பளச் சமவெளி. உள்ளூரிலேயே அமோனியாவைக் கையாளும் உரத் தொழில். இந்த மூன்றும் ஒரே இடத்தில் அமைந்த துறைமுகங்கள் இந்தியாவில் குறைவு. 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில், தூத்துக்குடி மாவட்டத்தில் பசுமை ஹைட்ரஜன் தயாரிக்கச் செம்ப்கார்ப் நிறுவனம் 36,238 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்ததும் இதனால்தான்.

2025 செப்டம்பர் 5, வ.உ.சி. பிறந்த நாளில், துறைமுகத்தில் இரண்டு நிகழ்வுகள் நடந்தேறின. ஒன்று, 3.87 கோடி ரூபாயில் அமைந்த பசுமை ஹைட்ரஜன் சோதனை நிலையத்தின் தொடக்கம். மணிக்கு 10 கன மீட்டர் ஹைட்ரஜன் தரும் இந்த நிலையம், துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும் மின்வாகனச் சார்ஜ் நிலையத்துக்கும் மின்சாரம் வழங்குகிறது. இரண்டாவது, 35.34 கோடி ரூபாயில் 750 கன மீட்டர் கொள்ளளவுள்ள பசுமை மெத்தனால் நிரப்பும் சோதனை நிலையத்துக்கு அடிக்கல். காண்ட்லா - தூத்துக்குடி கடலோரப் பசுமை வழித்தடத்தில் ஓடவிருக்கும் கப்பல்களுக்காக இது திட்டமிடப்பட்டுள்ளது.

இந்த எண்களைச் சற்று நெருங்கிப் பார்த்தால் எதிரே உள்ள வேலையின் அளவு விளங்கும். மணிக்கு 10 கன மீட்டர் ஹைட்ரஜனின் எடை 0.9 கிலோதான். இரவு பகல் ஓடினால் நாளுக்கு 21 கிலோவுக்குச் சற்று மேல் கிடைக்கும். ஆற்றலில் இது சுமார் 64 கிலோ உலை எண்ணெய்க்குச் சமம். பெரிய பெட்டகக் கப்பல் ஒன்று நாளுக்குப் பல பத்து டன் எண்ணெயை எரிக்கிறது.

மெத்தனால் தொட்டியின் கணக்கும் இப்படித்தான். 750 கன மீட்டரில் ஏறத்தாழ 590 டன் மெத்தனால் பிடிக்கும். லாரா மெர்ஸ்க் 2023 ஜூலையில் சிங்கப்பூரில் நிரப்பிக்கொண்டது சுமார் 300 டன். ஆக, முழுத் தொட்டி அந்த அளவுள்ள சிறிய பெட்டகக் கப்பலுக்கு இரண்டு முறை நிரப்பப் போதும். ஒரு டன் பசுமை மெத்தனால் தயாரிக்கச் சுமார் 190 கிலோ ஹைட்ரஜனும் 1.4 டன் கரியமில வாயுவும் தேவை. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 முதல் 55 யூனிட் மின்சாரம் செலவாகும். அப்படியானால் தொட்டியை ஒருமுறை நிரப்பும் மெத்தனாலில் சுமார் 110 டன் ஹைட்ரஜனும் 60 லட்சம் யூனிட் அளவுக்கு மின்சாரமும் அடங்கியிருக்கின்றன. இரண்டு மெகாவாட்டுக்குச் சற்று அதிகமான திறனுள்ள ஒரு காற்றாலை ஓராண்டு முழுவதும் சுழன்று தரும் மின்சாரம் அது. அதே 110 டன்னை இப்போதைய சோதனை நிலையத்திடமிருந்து மட்டும் பெற வேண்டுமானால் 14 ஆண்டுகள் ஆகும்.

சோதனை நிலையத்தின் மதிப்பை இந்தக் கணக்கு குறைக்கவில்லை. கருவியை உப்புக் காற்றில் ஓட்டிப் பார்ப்பது, ஹைட்ரஜனைச் சேமிக்க வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் பெறுவது, ஊழியர்களைப் பழக்குவது ஆகிய எல்லாமே சிறிய அளவில் கற்றுத் தேற வேண்டியவை. முதல் பயனாளியாகக் கப்பலுக்குப் பதில் தெருவிளக்கைத் தேர்ந்தது நல்ல முடிவு. கப்பல் வரும்வரை கருவி சும்மா இருக்க வேண்டியதில்லை.

அமோனியாவுக்கும் இதே வழி பொருந்தும். உர ஆலைகளுக்குப் பசுமை அமோனியா வாங்க இந்தியச் சூரிய ஆற்றல் கழகம் 2025-ல் ஏலம் நடத்தியது. நிலத்தில் நிலையான வாடிக்கையாளர் கிடைத்துவிட்டால் ஆலை எழும். பிறகு அதே தொட்டியிலிருந்து கப்பலுக்கும் கொடுக்கலாம். முன்சொன்ன முடிச்சை அவிழ்க்க இதைவிடப் பாதுகாப்பான நுனி வேறில்லை.

மெத்தனாலுக்கு வேண்டிய கரியமில வாயு எங்கிருந்து வரும் என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. தூத்துக்குடியில் ஒரு சோடா உப்பு ஆலை, தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் வரை கரியமில வாயுவைப் பிடித்துப் பயன்படுத்தும் ஏற்பாட்டை 2016-லேயே செய்தது. புகையிலிருந்து வாயுவைப் பிரிக்கும் தொழில்நுட்பம் அங்கே புதிதல்ல. ஆனால் நிலக்கரியிலிருந்து வந்த கார்பன் கடைசியில் கப்பலின் புகைபோக்கி வழியே காற்றில்தான் கலக்கும். நீண்டகாலத்துக்கு வேளாண் கழிவு போன்ற உயிரி மூலங்களையே நம்ப வேண்டும்.

பாதுகாப்பு: எண்ணூர் தந்த பாடம்

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூரை அடுத்த பெரியகுப்பம் கடலோரத்தில் ஒரு உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுசெல்லும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத்திணறலோடும் கண் எரிச்சலோடும் இருட்டில் வீடுகளை விட்டு வெளியேறினார்கள்; பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அம்மாதத் தொடக்கத்தில் வீசிய மிக்ஜாம் புயலில் குழாயைச் சுற்றியிருந்த பாறைகள் இடம்பெயர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு கருதியது.

அமோனியாவின் நெடி காற்றில் பத்து லட்சத்தில் சில பங்கு இருந்தாலே தெரிந்துவிடும். 25 பங்கு என்பது பணியிடங்களில் நாள் முழுவதும் தாங்கத்தக்க வரம்பு. 300 பங்கு உயிருக்கு உடனடி ஆபத்து. கையாளும் அளவு உரத் தேவையிலிருந்து கப்பல் எரிபொருள் தேவைக்கு உயரும்போது குழாய்களும் இணைப்புகளும் பெருகும். ஒவ்வொரு இணைப்பும் கசிவுக்கு வாய்ப்புள்ள இடம். ஆகவே அமோனியா நிரப்பும் தளத்துக்கும் மீனவக் குப்பங்களுக்கும் இடையே எவ்வளவு தொலைவு வேண்டும், காற்று எந்தப் பக்கம் வீசும் பருவத்தில் எந்த வேலையை நிறுத்த வேண்டும், எச்சரிக்கை ஒலி எந்த வீடுவரை கேட்க வேண்டும் என்பவை தொட்டிக்கு அடிக்கல் நாட்டும் முன்பே எழுதப்பட வேண்டியவை. அங்கே வாழும் மக்களைக் கலந்து எழுத வேண்டியவையும்கூட. அமோனியாவை எரிபொருளாகக் கொள்ளும் கப்பல்களுக்கான இடைக்கால நெறிகளைப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2024 டிசம்பரில் ஏற்றது. அவை கப்பலுக்கானவை, கரைக்கான விதிகளை அந்தந்த நாடே வகுத்தாக வேண்டும்.

மெத்தனாலின் ஆபத்து வேறுவகை. 11, 12 டிகிரியிலேயே தீப்பற்றும் ஆவி வெளிவரும். பட்டப்பகலில் அதன் தீ கண்ணுக்கு ஏறத்தாழத் தெரியாது. நிரப்பும் முறை இதற்கேற்ப அமைந்தது. முதலில் குழாய்க்குள் நைட்ரஜனைச் செலுத்திக் காற்றை வெளியேற்றுகிறார்கள். இணைப்பு கழன்றாலும் இருமுனையும் தானே மூடிக்கொண்டு ஒரு சொட்டும் சிந்தாத வகைக் கொக்கிகளைப் பொருத்துகிறார்கள். கப்பலிலும் கரையிலும் எந்தப் பக்கம் அவசரப் பொத்தானை அழுத்தினாலும் இருபக்கத்துப் பம்பும் நிற்கும்படி கம்பி இணைப்பு இருக்கும். வெப்பத்தைக் காட்டும் கேமரா தளத்தைக் கண்காணிக்கும். தீயணைக்கச் சாதாரண நுரை உதவாது. ஆல்கஹாலைத் தாங்கும் நுரை வேண்டும். முடிந்ததும் மீண்டும் நைட்ரஜன் செலுத்திக் குழாயைக் காலி செய்த பிறகே கழற்றுவார்கள்.

சென்னை, எண்ணூர், தென்புறநகர்

தமிழ்நாட்டின் மூன்று பெருந்துறைமுகங்களுக்கும் ஒரே எரிபொருள் பொருந்தாது. 1881-ல் உருவான சென்னைத் துறைமுகத்தை ராயபுரமும் பாரிமுனையும் நெருக்கிக்கொண்டிருக்கின்றன. நிலக்கரித் தூசியால் எழுந்த வழக்கில் உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2011-ல் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் எண்ணூருக்கு மாற்றப்பட்டதை நகரம் மறக்கவில்லை. நஞ்சுள்ள எரிபொருளைப் பெருமளவு சேமிக்க அது ஏற்ற இடமல்ல. கரை மின்சாரமே அதற்குப் பொருத்தம். தளத்தில் நிற்கும் கப்பல் விளக்குக்கும் குளிரூட்டிக்கும் துணை எஞ்சினை ஓட்டுவதற்குப் பதில் கரையிலிருந்து மின்சாரம் பெறலாம். இந்திய மின்கட்டமைப்பு 50 ஹெர்ட்ஸ், கப்பல்களில் பெரும்பாலானவை 60 ஹெர்ட்ஸ் என்பதால் இடையே அலைவெண் மாற்றி மட்டும் வேண்டும்.

எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் ஆண்டுக்கு 50 லட்சம் டன் திறனுள்ள திரவ இயற்கை எரிவாயு முனையம் 2019 முதல் இயங்குகிறது. இடைக்கால எரிபொருளுக்கு அதுவே இயல்பான இடம். பசுமை மெத்தனாலுக்கும் அமோனியாவுக்கும் தூத்துக்குடி.

கடலே தெரியாத சென்னைப் புறநகரான குன்றத்தூருக்கும் இதில் பங்கு உண்டு. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளின் கார்களும் உதிரிபாகங்களும், தாம்பரம் மெப்ஸ் வளாகத்தின் ஏற்றுமதிப் பொருள்களும், பல்லாவரம் - குரோம்பேட்டைத் தோல் தொழிலின் சரக்கும் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் வழியாகத்தான் வெளிநாடு போகின்றன. வண்டலூரிலிருந்து குன்றத்தூரைத் தொட்டு மீஞ்சூர் வரை செல்லும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையில் ஓடும் கன்டெய்னர் லாரிகளே இதற்குச் சாட்சி. ஐரோப்பாவின் கார்பன் கட்டணம் சரக்குக் கட்டணத்தில் சேரும்போது அதைச் சுமப்பவர்களில் இந்த ஆலைகளும் அவற்றின் தொழிலாளர்களும் அடங்குவர்.

அறிவுத்துணையும் இந்தப் பகுதியிலேயே இருக்கிறது. 1993-ல் தொடங்கப்பட்ட தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் பள்ளிக்கரணையில் இயங்குகிறது. துறைமுகங்களுக்கும் நீர்வழிகளுக்குமான தேசியத் தொழில்நுட்ப மையம் தையூரிலுள்ள சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2023-ல் திறக்கப்பட்டது. உத்தண்டியில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகமும், கானத்தூரில் அமெட் பல்கலைக்கழகமும் கப்பல் அதிகாரிகளை உருவாக்குகின்றன. எளிதில் தீப்பற்றும் எரிபொருள்களுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பு 2017 முதல் நடைமுறையில் உள்ளது. அத்தகைய கப்பலில் பணிபுரிய மாலுமிக்குத் தனிப் பயிற்சி கட்டாயம். தொட்டி கட்ட இரண்டு, மூன்று ஆண்டுகள் போதும்; அதை நம்பிக்கையோடு கையாளும் ஒரு தலைமுறையை உருவாக்க அதைவிட அதிகக் காலம் பிடிக்கும். பயிற்சிதான் முதலில் தொடங்க வேண்டிய வேலை.

நீரும் காற்றும் கடலும்

ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வேதியியல் கணக்கில் 9 லிட்டர் தூய நீர் வேண்டும். ஆண்டுக்கு 1 லட்சம் டன் ஹைட்ரஜன் தயாரிக்க நாளொன்றுக்குச் சுமார் 25 லட்சம் லிட்டர் நீர் வேண்டும். சுத்திகரிப்பில் கழிவதையும் குளிர்விப்பையும் சேர்த்தால் அது பெருகும். குடிநீருக்குத் தாமிரபரணியை நம்பியிருக்கும் மாவட்டத்தில் ஆற்று நீரை இதற்கு ஒதுக்க முடியாது, ஒதுக்கவும் கூடாது. கடல்நீரைச் சுத்திகரிப்பதே வழி. வ.உ.சி. துறைமுகத்தின் ஹைட்ரஜன் மையத் திட்டத்தோடு கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலைக்கும் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்காகும் மின்செலவு மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்கே. கவலை தரக்கூடியது வெளியேறும் அடர் உப்புநீர். துறைமுகத்துக்கு வடக்கே 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா தேசியக் கடற்பூங்கா பவளப்பாறைகளோடும் கடற்புல் படுகைகளோடும் விரிந்துகிடக்கிறது. உப்புநீரை எங்கே, எந்த ஆழத்தில், எவ்வளவு நீர்க்கச் செய்து விடுவது என்பதைத் தொடர் கண்காணிப்போடு முடிவுசெய்ய வேண்டும்.

காற்றுக்கும் பருவம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை காற்றாலைகள் நிறைய மின்சாரம் தரும். மற்ற மாதங்களில் அது சரியும். மின்னாற்பகுப்புக் கருவி ஆண்டு முழுவதும் ஓடினால்தான் அதன் விலை கட்டுப்படியாகும். சூரிய மின்சாரத்தையும் காற்றாலை மின்சாரத்தையும் சேர்த்துத் திட்டமிடுவதும், உபரி மாதங்களின் ஹைட்ரஜனை மெத்தனாலாக அல்லது அமோனியாவாகத் தொட்டியில் சேமிப்பதும் இதற்கான விடை.

திட்டமிடலின் வரிசை

எந்த எரிபொருள் வெல்லும் என்று இன்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. அதனால்தான் முடிவுகளின் வரிசை முக்கியமாகிறது. பின்னால் மாற்றிக்கொள்ளக்கூடியவற்றை முதலில் செய்யலாம். கரை மின்சாரமும் மின் இழுவைப் படகும் எந்த எரிபொருள் வந்தாலும் வீணாகாது. மெத்தனால் தொட்டியைப் பிற திரவங்களுக்கு மாற்றிக்கொள்ள முடியும். புதிய மெத்தனால் கப்பல்களும் இரட்டை எரிபொருள் எஞ்சினோடு வருவதால் எண்ணெய்க்கும் திரும்பலாம். அமோனியாவின் குளிர்தொட்டியும் திரவ ஹைட்ரஜனின் உறைகுளிர்த் தொட்டியும் ஒரே பயனுக்கானவை, விலை உயர்ந்தவை. அவற்றுக்கு நிலமும் பாதுகாப்பு இடைவெளியும் மட்டும் இப்போதே ஒதுக்கிவைத்து, வாடிக்கையாளரும் விதிகளும் உறுதியான பின் கட்டுவது பொருத்தம்.

2035-க்குள் எல்லாப் பெருந்துறைமுகங்களிலும் புதிய எரிபொருள் என்ற இலக்குக்கு இன்னும் பத்தாண்டுகூட இல்லை. அதற்குள் காற்றாலை மின்சாரம், கடல்நீர், கார்பன், தொட்டி, பயிற்சி, கரையோர மக்களின் பாதுகாப்பு ஆகிய ஆறும் ஒரே திட்டத்தின் உறுப்புகளாக இணைய வேண்டும். துறைமுக அமைச்சகம், புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம், மாநில அரசு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆகியவை தனித்தனிக் கோப்புகளில் இதை நகர்த்தினால் ஒன்று முடியும்போது மற்றொன்று தொடங்கியிருக்காது. எரிபொருளையும் ஆட்களையும் பாதுகாப்பையும் ஒரே கால அட்டவணையில் நிறுத்தும் துறைமுகத்தைத் தேடித்தான் புதிய கப்பல்கள் வரும். அந்த அட்டவணையை எழுதத் தேவையான அறிவும் காற்றும் வெயிலும் தமிழ்நாட்டில் இருக்கின்றன.